வாசித்துக் காட்டிவிட்டு வருகிறேன் என்றவர்

பரமேஸ்வரி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்குச் சின்னக்கரையிலிருந்து வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியிருக்கும். கந்தோரில் ஏதோ ஓர் அறிக்கையின் எழுபதாம் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சின்னக்கரை மீனவர் சங்கத் தலைவர் அந்தோனி அண்ணை.

"தம்பி, மிஸ் போயிட்டா. விடியப்புறம், ஆசுபத்திரியில. உங்கட கந்தோரில சொல்லிப்போட்டினமோ?"

"இல்லை அண்ணை. இப்பதான் கேள்விப்படுறன்."

"அதுதான் நினைச்சனான். கிளிவெட்டிக்குக் கொண்டுபோயினம். நாங்கள் சின்ன லொறி ஒண்டு பிடிச்சிருக்கிறம். வாறதெண்டா வாங்கோ. பின்னால நிண்டுகொண்டுதான் வரவேணும்."

பன்னிரண்டு வருடம் அவர் உழைத்த கந்தோர் அது. அங்கே அவருடைய மரணத்தை அறிவித்தவன் நான். புதிதாக வந்த பிள்ளைகள், யார் அது என்று கேட்டார்கள். அரைநாள் லீவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

லொறியில் போகவில்லை. கிண்ணியா, மூதூர் வழியாகப் போகும் பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டு போவது எனக்குச் சிரமமில்லை. சின்னக்கரை ஆட்களின் முகத்தைப் பார்த்தபடி அவ்வளவு தூரம் நிற்க என்னால் முடியாது. அதன் காரணத்தை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

இந்த நினைவு மலரை வாசிப்பவர்களில் அக்காவை அறியாதவர்களும் இருப்பீர்கள். அவர் கிளிவெட்டியில் வயல் செய்தவரின் மூத்த மகள். சாதாரண தரம் சித்தியடைந்து, திருகோணமலை நகரில் தட்டெழுத்துப் படித்தார். ஊர் இடம்பெயர்ந்த காலத்தில் முகாமில் இருந்தபோது, நிவாரணம் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரருக்கும் வரிசையில் நின்ற சனத்துக்கும் நடுவில் நின்று கதைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவருக்கு ஆங்கிலம் அப்படித்தான் வந்தது.

வாசித்துக் காட்டும் பழக்கமும் அங்கேதான் வந்தது. ஒரு தாய், மகனைப் பற்றி ஒரு தகவல் தெரியாமல் ஊருக்குத் திரும்பமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வரிசை நீளம். அக்கா அதைச் சுருக்கி, இவருக்கு ஊருக்குத் திரும்ப விருப்பமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பட்டியல் எழுதிய வெளிநாட்டுக்காரர் அப்படியே எழுதினார். மீள்குடியேற்றப் பட்டியலில் அந்தக் குடும்பத்தின் பெயர் வெட்டுப்பட்டது. அதைத் திரும்பச் சேர்ப்பிக்க எட்டு மாதம் அலைந்தாராம்.

"அது என்ர பிழை தம்பி. வெள்ளைக்காரன்ர பிழை இல்லை. நான்தான் அவசரப்பட்டனான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். தன் பிழையைக் காலநிலை சொல்வதுபோல் சொல்ல அவரால் முடிந்தது. எனக்கு அது இன்றுவரை கைவரவில்லை.

அதற்குப் பிறகு, ஒருவர் சொன்னதாக எந்தக் கடதாசியில் என்ன எழுதினாலும், அதைச் சொன்னவரிடமே கொண்டுபோய் உரத்து வாசித்துக் காட்டாமல் அவர் கையளித்ததில்லை. பஸ் காசு கந்தோர் தராது. மழை, வெயில், திருவிழா எதுவும் கணக்கில்லை. பையைத் தோளில் போட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாசிச்சுக் காட்டிட்டு வாறன்" என்று இறங்கிப் போவார். மாலை திரும்பும்போது கடதாசியின் ஓரங்களில் பென்சில் எழுத்து நிறைந்திருக்கும்.

எங்கள் கந்தோர் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடிவீடு. இறங்குதுறை கட்டவும், எண்ணெய்த் தாங்கி நிறுத்தவும், ஹோட்டல் எழுப்பவும் வருபவர்களுக்கு ஆய்வறிக்கை எழுதிக் கொடுக்கும் தனியார் நிறுவனம். அறிக்கை ஆங்கிலத்தில் பிறக்கும். பிறகு சட்டத்துக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டும். அக்கா தமிழுக்கு. மூன்று வருடம் கழித்து நானும் தமிழுக்குச் சேர்ந்தேன்.

பொருளியலில் பட்டம் பெற்றவன் நான். என் குறிப்புகளைப் பார்த்துப் படித்துச் சித்தியடைந்த இருவர் இன்று கொழும்பில் பெரிய கதிரைகளில் இருக்கிறார்கள். நான் தற்காலிக மொழிபெயர்ப்பாளன். அந்த மனநிலையோடு வந்தவனின் தமிழில், தட்டெழுத்துப் படித்த ஒருவர் சிவப்புப் பேனையால் கோடு போட்டார். வாழ்வாதார மேம்பாட்டுத் தலையீடுகள் என்று எழுதியிருந்தேன்.

"தம்பி, இதைக் கொண்டுபோய் அந்தோனி அண்ணைக்கு வாசிச்சா, ஆரோ தன்ர தொழிலில தலையிடப் போறாங்கள் எண்டு மீன் குத்திற மண்டாவைத் தூக்கிக்கொண்டு வருவார்."

"அதுதான் சரியான கலைச்சொல், அக்கா."

"ஓம், சொல் சரிதான். அதைக் கேக்கிற ஆள்தான் உங்களுக்கு இல்லை."

ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. மத்தியானம் வழமைபோல் சோற்றுப் பெட்டியின் மூடியில் எனக்கு ஒரு துண்டு மீன் வைத்தார். அதையும் நான் மறக்கவில்லை. மன்னிப்பதற்குக்கூட இடம் வைக்காமல் நல்லவராக இருப்பது ஒருவகைக் கொடுமை.

எங்கள் அறிக்கைகள் எல்லாவற்றிலும் ஓர் ஆங்கில வினைச்சொல் வரும்: கன்சல்ட். மக்கள் கன்சல்ட் செய்யப்பட்டனர், சங்கங்கள் கன்சல்ட் செய்யப்பட்டன, பெண்கள் தனியாகக் கன்சல்ட் செய்யப்பட்டனர். கலந்தாலோசித்தல் என்று அகராதி சொல்கிறது. கடன் கொடுக்கிறவர்களும் அமைச்சுகளும் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான். அது இருக்கும் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு மற்றப் பக்கங்களைப் புரட்டுவார்கள்.

அக்காவுக்கு அந்தச் சொல்லில் ஒரு சந்தேகம் இருந்தது. தேத்தண்ணி குடிக்கும்போது ஒருநாள் கேட்டார்.

"டொக்டரைக் கன்சல்ட் பண்ணப் போனா, டொக்டர் கதைப்பார், நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பம். சனத்தைக் கன்சல்ட் பண்ணப் போனாலும் நாங்கள்தான் கதைக்கிறம், சனம்தான் வாயை மூடிக்கொண்டு இருக்குது. அப்ப அங்க ஆர் தம்பி டொக்டர்?"

நான் சிரித்தேன். பிறகு நடந்ததில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

சின்னக்கரை, துறைமுகத்தின் உட்புறக் குடா ஒன்றில் ஒதுங்கிய சிறு கரை. வெளியாருக்கு அந்தப் பெயர் தெரியாது. அன்று அங்கே முப்பத்தெட்டு வள்ளங்கள் இருந்தன. பக்கத்தில் சரக்கு இறக்கும் துறையை நீட்டப்போகிறார்கள், அதற்கான வேலி அந்தக் கரையை மறித்துக்கொண்டு போகும் என்பது திட்டம். சனத்தைக் கன்சல்ட் செய்வதற்காக ஒருநாள் பதினொரு மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். எங்கள் பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்தார். திரையில் படம் காட்டி ஆங்கிலத்தில் பேசினார். அக்கா தமிழில் சொன்னார். நான் குறிப்பெடுத்தேன்.

அரைமணி நேரத்துக்குச் சற்று மேலே பேச்சு நடந்தது. கேள்விகள் இருக்கிறதா என்று கேட்கும்போது சாப்பாட்டுப் பார்சல்கள் வாசலுக்கு வந்துவிட்டன. ஒரு மேசையில் வரவுத்தாள். அதில் கையெழுத்து வைத்தால் ஒரு பார்சல்.

"கோழி முடிஞ்சுது. முட்டைதான் இருக்கு."

"முட்டைக்கு என்னத்துக்குக் கையெழுத்து? கோழிக்கு வைக்கலாம்."

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்தோனி அண்ணை எழும்பினார். "ஐயா, வேலி போடுங்கோ. நாங்கள் வள்ளம் இறக்கிற பாதை எங்க?" அக்கா அதை ஆங்கிலத்தில் சொன்னார். பணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். குறித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

ஒரு கிழமையில் ஆங்கில வரைவு வந்தது. சின்னக்கரை மக்கள் முழுமையாகக் கன்சல்ட் செய்யப்பட்டனர், ஆட்சேபனை எதுவும் தெரிவிக்கப்படவில்லை. சான்றாக, வரவுத்தாளில் இருந்த அறுபத்தொரு கையெழுத்துகள் பின்னிணைப்பில். அந்தோனி அண்ணையின் கேள்வி எங்கும் இல்லை.

அக்கா தமிழில் இப்படித் தட்டெழுதினார்: திட்டம் பற்றி மக்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்களிடம் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. வள்ளம் இறக்கும் பாதை எங்கே என்று சங்கத் தலைவர் கேட்டார். பதில் சொல்லப்படவில்லை.

பணிப்பாளர் அவருடைய மேசைக்கே வந்தார். தமிழர்தான். கொழும்புத் தமிழ்.

"மிஸ், நீங்க ட்ரான்ஸ்லேட்டர். ரிப்போர்ட் எழுதுறது நீங்க இல்ல."

"ட்ரான்ஸ்லேட்டர் எண்டபடியாத்தான் சேர் சொல்லுறன். அண்டைக்கு இரண்டு பக்கத்துக்கும் கதைச்சது நான். அவையள் என்ன சொன்னவை எண்டு எனக்குத் தெரியும்."

"அறுபத்தொரு சைன் இருக்கே."

"அது சாப்பாட்டுக்கு வச்சது சேர். கோழி கிடைக்காத நாலுபேர் இரண்டு தரம் வச்சிருக்கினம்."

கந்தோர் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் உள்ளபடி நாளைக்குள் வேண்டும் என்றார். அக்கா வரைவைப் பைக்குள் வைத்தார். "வாசிச்சுக் காட்டிட்டு வாறன் சேர்" என்று குடையை எடுத்தார்.

ஆங்கிலத்தில் இருந்ததை ஒரு சொல் மாற்றாமல் தமிழில் சொல்லி, சின்னக்கரையில் வள்ளங்களுக்கு நடுவில் நின்று வாசித்திருக்கிறார். கேட்டவர்கள் முதலில் பகிடி என்று நினைத்தார்களாம். பிறகு ஒரு கொப்பித்தாளில், வள்ளம் இறக்கப் பாதை விடவேண்டும் என்று ஒற்றை வசனம் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பார்சல் இல்லை. அக்கா அதை வரைவோடு குத்திக் கொண்டுவந்து பணிப்பாளரின் மேசையில் வைத்தார்.

மறுநாள் காலை அந்தக் கோப்பு என் மேசையில் இருந்தது. கொப்பித்தாள் கழற்றப்பட்டிருந்தது.

"பின்னேரத்துக்குள்ள முடிங்க. உங்கட பேர்மனன்ட் லெட்டரும் என் மேசையிலதான் இருக்கு" என்றார் பணிப்பாளர்.

நான் செய்தேன். சின்னக்கரை மக்களுடன் முழுமையாகக் கலந்தாலோசிக்கப்பட்டது என்று எழுதியவன் நான். நாற்பது நிமிடம் எடுத்தது. மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். அந்த உறுதிமொழியிலும் பிழை இல்லை. ஆங்கிலத்தில் இருந்த பொய்யை ஒரு புள்ளி தவறாமல் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தேன். அக்கா இரண்டு மேசை தள்ளி இருந்தார். என் தட்டச்சின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

அந்த மாதத்தோடு அவரை நிறுத்தினார்கள். அவருடைய மேசை எனக்கு வந்தது. போகிற அன்று பொருட்களைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஏதோ கேட்கப்போகிறார் என்று பதில்களோடு போனேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது, நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்வான் என்று எல்லாம் தயார்.

"தம்பி, இந்த மேசை லாச்சி இறுகும். கொஞ்சம் தூக்கி இழுக்கவேணும்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பதில்கள் இன்னும் என்னிடமே இருக்கின்றன.

வேலி வந்தது. முறையிடப் போனவர்களுக்குத் தமிழ் அறிக்கையைக் காட்டினார்கள். உங்களோடு கலந்தாலோசித்துத்தானே செய்தோம், இதோ உங்கள் கையெழுத்து என்றார்கள். ஒருநாள் அந்தோனி அண்ணை எங்கள் மாடிப்படி ஏறி வந்து அதன் பிரதியை என் முன்னால் வைத்தார்.

"இது உங்கட கையெழுத்தோ தம்பி?"

"ஓம் அண்ணை."

"நீங்களும் அண்டைக்கு அங்க நிண்டனீங்கள்தானே?"

"ஓம்."

"சரி" என்றார். பிரதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். மறித்துக் கேட்காத மனிதர்களாகவே எனக்கு வாய்த்தார்கள்.

அக்கா உவர்மலையில் வாடகை அறையில் இருந்தபடி சின்னக்கரைக்காக மனு எழுதினார். இரண்டு வருடம். ஒவ்வொரு மனுவையும் கரைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டிய பிறகுதான் தபாலில் போட்டார். அந்தக் கொப்பித்தாளின் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. ஒவ்வொரு மனுவோடும் அது போனது. கடைசியில் வேலியில் ஒரு வள்ளம் போகும் அகலத்துக்கு ஒரு கேற்று வைத்தார்கள். விடியற்காலை ஒரு மணிநேரமும் பின்னேரம் ஒரு மணிநேரமும் திறப்பார்கள். பூட்டின் திறப்பு காவலாளியிடம். அதற்குள் பாதி வள்ளங்கள் விலைப்பட்டுப் போயிருந்தன.

பஸ் நிலையத்தில் ஒருநாள் சந்தித்தபோது, கேற்றுத் திறந்தாயிற்றாமே என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. கடலுக்குக் கேற்றுப் போட்ட ஊர் உலகத்தில எங்கடதான்" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "லாச்சி இப்பவும் இறுகுதோ?"

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

செத்தவீட்டில் எங்கள் நிறுவனத்தின் பெயர் பொறித்த மலர்வளையம் ஒன்று, கொண்டுவந்தவர் யாரென்று தெரியாமல், சுவரில் சாய்ந்து நின்றது. லொறியில் வந்த சின்னக்கரை ஆட்கள் வளவின் ஒரு மூலையில் நின்றார்கள். நான் மற்ற மூலையில் நின்றேன். பாடையைத் தூக்கும்போது அவர்களில் நால்வர் முன்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். அறுவடை முடிந்த வயல்வெளியைக் கடந்து போனோம். எனக்கு யாரும் இடம் விடவில்லை. நானும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு மலர் போடுகிறோம், நீங்கள் எழுதவேண்டும் என்று அக்காவின் தங்கை தவமணி அக்கா கேட்டார். பணிப்பாளர் ஆங்கிலத்தில் ஓர் அனுதாபச் செய்தி அனுப்பியிருக்கிறார், அதையும் தமிழாக்கித் தாருங்கள் என்றார். செய்தி ஒரு பக்கம். நடுவில் ஒரு வசனம்: முக்கியமான தீர்மானங்கள் எல்லாவற்றிலும் நாம் அவரைக் கன்சல்ட் செய்தோம். அதையும் பிழையில்லாமல் தமிழாக்கினேன். அதையும் என் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை கிளிவெட்டிக்குப் போனேன்.

தவமணி அக்கா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கை ஈரமில்லை, வாங்கலாம். ஆனா அக்கா வாசிச்சுக் காட்டாத கடதாசி இந்த வீட்டுக்குள்ள போனதில்லை. நீங்கள் வாசியுங்கோ."

குசினிப் பக்கத்துக் கதிரையில் இருந்து வாசித்தேன். முதலில் பணிப்பாளரின் செய்தி. நடு வசனத்தில் தவமணி அக்கா கையை உயர்த்தினார்.

"அவவோட கலந்தாலோசிச்சவையோ தம்பி?"

"இல்லை அக்கா."

"அப்ப அது வேண்டாம். பெரிய ஆள்தான், அனுப்பினதுக்கு நன்றி சொல்லுவம். அந்தப் பக்கத்துக்கு ஒரு தேவாரம் போடலாம்."

பிறகு என் கட்டுரையை வாசித்தேன். நீங்கள் மேலே வாசித்தது அப்போது அப்படி இருக்கவில்லை. நான் லொறியில் ஏறாத கதையும் அந்தோனி அண்ணை மாடிப்படி ஏறிய கதையும் அதில் இல்லை. நிறுவனம் வேறோர் ஆளைக் கொண்டு அந்த மொழிபெயர்ப்பைச் செய்வித்தது என்று எழுதியிருந்தேன். நல்ல வசனம். கேட்க மரியாதையாக இருந்தது.

"ஆர் தம்பி அந்த ஆள்?"

ஒரு கோழி நெல்லுக்கு வந்தது. அவர் அதைத் துரத்திவிட்டு வந்து திரும்ப இருந்தார்.

"எனக்குத் தெரியும். அக்கா அண்டைக்கே சொன்னவ. சின்னக்கரை ஆக்களுக்கும் தெரியும். புத்தகத்துக்குத்தான் தெரியேல்லை."

"அக்கா என்ன சொன்னவ?"

"கோவமா ஒண்டும் சொல்லேல்லை. 'கையெழுத்து வடிவான கையெழுத்து' எண்டு சொன்னவ."

அங்கேயே இருந்து பேனையை எடுத்து ஓரத்தில் எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். தவமணி அக்கா தலையாட்டினார். தேத்தண்ணி வைக்கவோ என்று கேட்டார். எனக்கு மனம் இலேசாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். களைப்பாக இருந்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் சின்னக்கரைக்குப் போனேன். கேற்று இன்னும் திறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வலைகளோடு காத்திருந்தார்கள். அந்தோனி அண்ணை ஒரு வள்ளத்தின் விளிம்பில் இருந்தார். வாசிக்கவோ என்று கேட்டேன். "கேற்றுத் திறக்குமட்டும் எங்களுக்கு என்ன வேலை, வாசியுங்கோ" என்றார். முழுவதையும் வாசித்தேன். அதை எழுதியவன் நான் என்று வருகிற இடத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிந்ததும் அந்தோனி அண்ணை கடதாசியை விரலால் காட்டினார்.

"நாப்பது வள்ளம் எண்டு போட்டிருக்கிறியள். முப்பத்தெட்டு. திருத்துங்கோ."

திருத்தினேன். காவலாளி வந்து சங்கிலியைக் கழற்றினான். அவர்கள் எழுந்து வள்ளத்தைத் தள்ளத் தொடங்கினார்கள். மணலில் ஒரு செருப்புப் புதைய, குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி அக்கா நின்று வாசித்தது அந்த இடத்தில்தான் என்று யாரோ சொன்னார்கள். ஒரு வள்ளத்தின் அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

போய் வாருங்கள் அக்கா. வாசித்துக் காட்டிவிட்டேன்.